வெளிநாட்டில் மருத்துவம் படித்து மலையகம் திரும்பியவர் ஈ.ஆர்.பி.எம். பரீட்சைக்குத் தயாராவது எப்படி?

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வந்திருக்கும் கேள்வி இது: சீனாவில் மருத்துவப் பட்டம் முடித்து ஊர் திரும்பியாயிற்று, வெளிநாட்டில் படித்தவர் இங்கே வைத்தியராகப் பதிவு பெறுவதற்காக இலங்கை மருத்துவ சபை நடத்தும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் தேற வேண்டுமானால் கொழும்பில் அறை எடுத்து வகுப்புகளுக்குப் போயே ஆக வேண்டும் என்று உடன் படித்தவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் அதற்கு வசதி இல்லை. மலையகத்தில் இருந்தபடியே தயாராக முடியுமா, முடியுமானால் எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் பழையவர்கள் இன்றும் 'அக்ட் சிக்ஸ்டீன்' என்றே குறிப்பிடும் இந்தப் பரீட்சை எதைச் சோதிக்கிறது என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாளை காலை இவரை ஒரு வைத்தியசாலை விடுதியில் உள்ளகப் பயிற்சி வைத்தியராக நிறுத்தினால் நோயாளிக்கு ஆபத்து வராதா என்பதே பரீட்சகரின் மனத்திலுள்ள கேள்வி. வெளிநாட்டில் ஐந்தாறு ஆண்டுகள் படித்தவருக்கு நோய்களைப் பற்றிய பொது அறிவு பெரும்பாலும் இருக்கவே செய்கிறது. இலங்கை விடுதியொன்றில் அந்த நோயை எந்த வழிகாட்டலின்படி கையாளுகிறார்கள், எந்தப் படிவத்தை நிரப்புகிறார்கள், எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள், நோயாளியின் வயிற்றில் கை வைக்கும்போது என்ன பேசுகிறார்கள் என்பவைதாம் அவரிடம் குறைபவை. தயாரிப்பின் பெரும்பங்கு இந்த இடைவெளியை நிரப்புவதற்கே போக வேண்டும். பாடநூலை முதற்பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்குபவர்கள் பல மாதங்களை வீணாக்குவதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பல்கலைக்கழகம் மருத்துவ சபையின் அங்கீகாரம் பெற்றதா, உங்கள் உயர்தரப் பெறுபேறுகள் சபை கேட்கும் தகைமைக்குப் பொருந்துகின்றனவா என்பவற்றைக் கொழும்பு 10, நொரிஸ் கெனல் வீதியிலுள்ள சபை அலுவலகத்திலிருந்தே எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழ், பாடவாரியான புள்ளி அறிக்கை, அங்கு செய்த பயிற்சிக்கான சான்று ஆகியவற்றின் மூலப் பிரதிகளையும் அத்தாட்சிப்படுத்திய மொழிபெயர்ப்புகளையும் இப்போதே திரட்டத் தொடங்குங்கள். ஊர் திரும்பிய பின் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு முத்திரையைப் பெறுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வெளிநாட்டுக்குப் புறப்பட இருக்கும் உங்கள் தோட்டத்துப் பிள்ளைகளிடமும், முகவர் சொல்வதை நம்பாமல் சபையிடம் நேரே கேட்டுவிட்டுப் பயணச்சீட்டு வாங்கும்படி சொல்லிவையுங்கள்.

இனிப் பாடங்களுக்கு வருவோம். பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறும் பெண்நோயியலும், உளநல மருத்துவம், சமுதாய மருத்துவம், சட்ட மருத்துவம் ஆகியவை பரீட்சையின் பரப்பு. எழுத்துப் பரீட்சையில் தேறினாலும் நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் பகுதி தனியே காத்திருக்கிறது. இவை அனைத்துக்கும் சமமாக நேரம் ஒதுக்குவது நல்ல திட்டமல்ல. உங்கள் பல்கலைக்கழகம் எதைக் கற்பிக்கவில்லையோ அதற்கே முதலிடம் தர வேண்டும்.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நூல்களில் அது அரைப்பக்க வெப்பமண்டல நோய். இங்கே உள்ளகப் பயிற்சி வைத்தியரின் இரவைத் தின்பது அதுதான். சுகாதார அமைச்சின் வழிகாட்டல், காய்ச்சல் கட்டத்தையும் இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் ஆபத்துக் கட்டத்தையும் பிரித்தறிவதிலேயே முழுக் கவனத்தையும் வைக்கிறது. குருதிச் சிறுதட்டுகள் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கும்போது கசிவு நெருங்கிவிட்டதென்று எச்சரிக்கை அடைய வேண்டும். செங்குழிய அடர்த்தி அடிப்படை அளவிலிருந்து 20 வீதத்தால் உயர்வதும், ஸ்கேன் பரிசோதனையில் நெஞ்சறையிலோ வயிற்றிலோ நீர் தெரிவதும் கசிவுக்கான சான்றுகள். அக்கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அந்த முழுக் காலத்துக்குமான திரவ ஒதுக்கீடு, ஒரு நாளின் பராமரிப்புத் தேவையும் உடல் எடையின் 5 வீதக் குறைபாடும் சேர்ந்த தொகை. ஐம்பது கிலோ எடைக்கு அதைக் கணக்கிட்டால் 2100 மில்லிலீற்றரும் 2500 மில்லிலீற்றரும் கூடி 4600 மில்லிலீற்றர் வரும். வளர்ந்தவர் அதைவிடப் பருத்தவராக இருந்தாலும் கணக்கு ஐம்பது கிலோவோடு நின்றுவிடும். இந்த எண்ணை மனப்பாடம் செய்வதால் மட்டும் பயனில்லை. அதை எந்த வேகத்தில் பகிர்ந்து கொடுப்பது, மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு அரை மில்லிலீற்றர் சிறுநீர் போவதை ஏன் இலக்காக வைக்கிறோம், மேல் இரத்த அழுத்தத்துக்கும் கீழ் இரத்த அழுத்தத்துக்கும் இடைவெளி 20 ஆகச் சுருங்கும்போது நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஏன் அதிர்ச்சி நிலையாகக் கருதுகிறோம், திரவம் கூடிப்போனால் எந்த உறுப்பு முதலில் முறையிடும் என்பனவற்றை ஒரு நோயாளியின் அவதானிப்புத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு விளக்கத் தெரிய வேண்டும். சிறுதட்டு எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் சிறுதட்டு ஏற்றுவேன் என்று சொல்பவர் அந்த இடத்திலேயே புள்ளிகளை இழக்கிறார். நுவரெலியாவின் குளிரில் டெங்கு எங்கே என்று எண்ணிவிடாதீர்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு ஊர் திரும்பும் இளைஞர்கள் காய்ச்சலோடுதான் பஸ் ஏறி வருகிறார்கள்.

விஷக்கடியும் அப்படிப்பட்டதே. நம் வைத்தியசாலைகளில் பயன்படும் இந்தியத் தயாரிப்பான விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்பட்டது. தேயிலை மலைகளில் கொழுந்து பறிப்பவர்களின் கையிலும் காலிலும் அடிக்கடி தீண்டும் கூன்மூக்கு விரியனுக்கு, அதாவது சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் பாம்புக்கு, அம்மருந்து பயன்படாது. அதன் கடியில் வீக்கமும் தசை அழிவும் வழக்கமாக வரலாம். சிலருக்குக் குருதி உறையாமையும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படும். ஆகவே, 'பாம்பு கடித்தது, விஷமுறி கொடுப்பேன்' என்று விடையளிப்பவர் பயனில்லாத மருந்தால் ஒவ்வாமை அதிர்ச்சியை வரவழைக்கக்கூடியவர் என்று பரீட்சகர் முடிவு செய்வார். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் நாளக் குருதியை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, சரித்து, குருதி உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையை நீங்களே செய்யப் பழகுங்கள். விஷமுறி கொடுக்க நேர்ந்தால், முன்கூட்டியே தோலின் கீழ் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் கொடுப்பது கடும் ஒவ்வாமையைக் குறைக்கிறது என்பதை 2011இல் வெளியான இலங்கை ஆய்வே நிறுவியது. இத்தகைய உள்ளூர்ச் சான்றை விடையில் சொல்லும் மாணவரைப் பரீட்சகர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

குளவிக் கொட்டைப் பற்றித் தோட்டத்துப் பிள்ளைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மருத்துவ விடையாக அதை ஒழுங்குபடுத்தத் தெரிய வேண்டும். ஒரே கொட்டில் மூச்சிரைத்து, அழுத்தம் விழுந்து வருபவருக்கு முதல் மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் அரை மில்லிகிராம் அட்ரினலின். ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மீண்டும் அதே அளவு. நடைமுறையில் பலர் முதலில் கையெடுக்கும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் குளோர்பெனிரமினும் அதற்குப் பின்னரே. கூட்டமாகக் கொட்டப்பட்டவர் முதல் நாள் தெளிவாக இருந்தாலும் தசைச் சிதைவாலும் குருதிக் கலச் சிதைவாலும் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்பதால் சிறுநீரின் நிறத்தையும் அளவையும் கண்காணிக்காமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

சமுதாய மருத்துவத்தில்தான் வெளிநாட்டுப் பட்டதாரிகள் அதிகம் சறுக்குகிறார்கள். காரணம் எளிது: அது ஒரு நாட்டின் சுகாதார நிருவாகத்தைப் பற்றிய பாடம், நீங்கள் படித்தது வேறொரு நாட்டின் நிருவாகத்தை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையே இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாக நாடெங்கும் விரிந்திருக்கிறது. ஒரு தொற்றுநோயைச் சந்தேகித்தாலே போதும், ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல் விடுதியிலிருந்து நோயை அறிவிக்கும் எச் 544 படிவம் போக வேண்டும். அதைப் பெறும் சுகாதார வைத்திய அதிகாரி பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வீட்டுக்கு அனுப்புவார். அவர் எச் 411இல் விசாரணை அறிக்கை தருவார். கிழமைதோறும் எச் 399 வழியாகத் தொகுப்பு தொற்றுநோயியல் பிரிவுக்குச் செல்லும். புத்தகத்தில் படித்தால் இது வறண்ட எண்களாகத் தெரியும். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுமதி பெற்று, குடும்பநல உத்தியோகத்தரோடு சில நாட்கள் லயன் லயனாக நடந்து, தோட்டத்து நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான கிளினிக்கில் உட்கார்ந்து பார்த்தால் எந்தப் படிவம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது பிறகு மறக்காது. கொழும்பு வகுப்பில் கிடைக்காத வாய்ப்பு இது.

தடுப்பூசி அட்டவணையும் இங்கேதான் வருகிறது. சீனாவில் பிறந்தவுடன் ஹெபடைட்டிஸ் பி ஊசி போடுவதைப் பார்த்தவர் இங்கும் அதையே எழுதிவிடுவார். இலங்கையில் பிறந்த குழந்தைக்குக் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி.; ஹெபடைட்டிஸ் பி உள்ளடங்கிய ஐங்கூட்டு ஊசி 2, 4, 6 மாதங்களில், வாய்வழிப் போலியோ மருந்தோடு; சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா முக்கூட்டு ஊசி 9 மாதத்தில்; ஜப்பானிய மூளையழற்சிக்கு எதிரானது 12 மாதத்தில். ஆறாம் தரத்து மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 2017 முதல் போடப்படுகிறது. அட்டவணை காலத்துக்குக் காலம் மாறுவதால், யாரோ ஒருவருடைய பழைய குறிப்பை நம்பாமல் குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டின் தற்போதைய பதிப்பை ஒரு தாயிடம் வாங்கிப் பாருங்கள். அதே பதிவேட்டில் எடையையும் உயரத்தையும் வரைபடத்தில் குறித்து விளக்கவும் பழகுங்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதற்கும் 17.3 வீதமாக இருக்க, தோட்டத்துறையில் அது 31.7 வீதமாக இருந்தது. இதற்குக் காரணங்கள் யாவை என்று கேட்டால், வறுமை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடக் கூடாது. தாயின் இரத்தசோகையும் குறைந்த பிறப்பு எடையும், தாய் மலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைக்கு ஊட்டப்படுவது என்ன என்பதும், தண்ணீரும் கழிப்பறையும் எப்படி ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன என்று சொல்லத் தெரிய வேண்டும். இதை உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் பரீட்சை மண்டபத்தில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

சட்ட மருத்துவம் முற்றிலும் இலங்கைச் சட்டத்தின் மேல் நிற்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவு எவற்றைக் கொடுங்காயம் என்கிறது, சாதாரண காயம், கொடுங்காயம், உயிருக்கு ஆபத்தான காயம், இயல்பான போக்கில் மரணத்தை விளைவிக்கக்கூடிய காயம் என்று ஒரு காயத்தை எப்படி வகைப்படுத்துவது, மருத்துவச் சட்டப் பரிசோதனைப் படிவத்தில் என்ன எழுதுவது, எந்த மரணத்துக்கு இறப்புச் சான்று கொடுக்காமல் திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்பவை திரும்பத் திரும்ப வருபவை. கருக்கலைப்பு தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே சட்டப்படி அனுமதிக்கப்படுகிறது என்பதை, வேறு சட்டமுள்ள நாட்டில் படித்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். இப்பாடத்தின் பரப்பு சிறியது. சில கிழமைகள் ஒழுங்காக உழைத்தால் உறுதியான புள்ளிகள் கிடைக்கும். கடைசி நேரத்துக்கு இதை ஒதுக்கிவைப்பது பெருந்தவறு.

எழுத்துப் பரீட்சைக்கு ஒரு சொல். இலங்கை மருத்துவ பீடங்களின் மரபில் ஒரு தண்டுக்கு, அதாவது பொதுவான ஒரு வினா வாசகத்துக்கு, ஐந்து கிளைகள் வைத்து ஒவ்வொன்றும் சரியா பிழையா என்று கேட்கும் வினாக்களும், சிறந்த ஒரே விடையைத் தெரிவு செய்யும் வினாக்களும் உண்டு. முதலாவது வகைக்குப் பழகாதவர்கள் 'எப்போதும்', 'பெரும்பாலும்', 'வரலாம்' போன்ற சொற்களில் தடுக்கி விழுகிறார்கள். கடந்த கால வினாக்களின் தொகுப்புகள் கைமாறி வருகின்றன. அவற்றை எந்தப் பகுதியிலிருந்து கேட்கிறார்கள் என்று அறிவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். பக்கத்தில் யாரோ பென்சிலால் எழுதிய விடைகளில் வழக்கொழிந்த சிகிச்சைகள் ஏராளம்.

நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் பகுதிக்கு வீட்டிலிருந்து தயாராக முடியாது. அதற்கு விடுதி வேண்டும். கண்டி தேசிய வைத்தியசாலையும், பேராதனைப் போதனா வைத்தியசாலையும், அதன் அருகிலேயே உள்ள சிறுவர் வைத்தியசாலையும் நமக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. ஊவாப் பக்கத்தவர்களுக்குப் பதுளை இருக்கிறது. நுவரெலியாவிலும் டிக்கோயாவிலும் மாணவர் கூட்டம் இல்லாததால் விசேட வைத்திய நிபுணர் ஒருவருக்கு உங்களோடு பேச நேரம் கிடைக்கக்கூடும். பணிப்பாளரிடமும் விடுதிக்குப் பொறுப்பான நிபுணரிடமும் அவதானிப்பாளராக இருக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஒருவர் மறுத்தால் அடுத்தவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். அனுமதி கிடைத்தபின் காலை ஏழு மணிக்கு முன்பே விடுதியில் இருந்து, உள்ளகப் பயிற்சி வைத்தியர்கள் எழுதும் குறிப்புகளை வாசித்து, அவர்கள் நிபுணரிடம் நோயாளியை எப்படி முன்வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு நோயாளியின் முழு வரலாற்றை எடுத்து, பரிசோதித்து, யாராவது ஒருவர் முன் தடங்கலின்றிச் சொல்வதை நாள் தவறாமல் செய்ய வேண்டும். ருமாட்டிக் காய்ச்சலால் சுருங்கிய இதய வால்வின் ஒலி, மண்ணீரல் வீக்கம், கழுத்துக் கழலை, குடலிறக்கம், கர்ப்பிணியின் வயிற்றில் குழந்தையின் நிலை ஆகியவற்றைக் காதும் கையும்தான் கற்க வேண்டும். நோயாளியைப் பார்க்க அதிகம் அனுமதிக்காத வெளிநாட்டு வைத்தியசாலைகளில் படித்தவர்களுக்கு இது மெத்தக் கடினமாக இருக்கும். முதல் இரண்டு மாதம் வெட்கத்திலேயே போய்விடும், அதற்கும் சேர்த்துத்தான் காலத்தைத் திட்டமிட வேண்டும்.

மொழியைப் பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன். பரீட்சை ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி பேசுவது சிங்களமோ தமிழோதான். நம்மில் பலர் கடையிலும் பஸ்ஸிலும் பேசும் சிங்களம், நெஞ்சுவலி எந்தப் பக்கம் பரவுகிறது, மாதவிடாய் கடைசியாக எப்போது வந்தது, சாக வேண்டுமென்ற எண்ணம் வருகிறதா என்று மரியாதையோடு கேட்பதற்குப் போதாது. ஒரு தாதி உத்தியோகத்தரிடமோ சிங்கள நண்பரிடமோ உட்கார்ந்து ஒவ்வொரு தொகுதிக்கும் வேண்டிய கேள்விகளை உரத்துச் சொல்லிப் பழகுங்கள். தமிழ் தெரிந்திருப்பது உங்கள் பலமே. ஆயினும் தமிழில் கேட்ட வரலாற்றை ஆங்கிலத்தில் உடனுக்குடன் ஒழுங்காகச் சொல்வதும் பயிற்சியில்லாமல் வராது.

கொழும்பு வகுப்பு வேண்டுமா என்ற கேள்விக்கு மீண்டும் வருகிறேன். எழுத்துப் பரீட்சைக்காக மாதக்கணக்கில் அறை வாடகையும் கட்டணமும் கொடுத்து நூறு பேரோடு ஒரு மண்டபத்தில் உட்காருவது, கடன் வாங்கிச் செய்யத்தக்க காரியமென்று நான் கருதவில்லை. கண்டியில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்து, காலையில் விடுதியும் பிற்பகலில் கூட்டுப் படிப்பும் என்று இருப்பது செலவிலும் பயனிலும் மேலானது. பரிசோதனைப் பகுதிக்குச் சில கிழமைகளுக்கு முன் ஒரு சிறிய பயிற்சி வகுப்பில் சேர்ந்து, முன்பின் தெரியாத ஆசிரியர் ஒருவர் முன் நின்று திட்டு வாங்கிக்கொள்வது மட்டும் பணம் கொடுத்தாலும் தகும். உங்கள் குழுவில் வெவ்வேறு நாடுகளில் படித்தவர்கள் இருப்பது நல்லது. பங்களாதேஷில் படித்தவருக்கு நோயாளிப் பழக்கம் கூடுதலாக இருக்கும், உங்களுக்கு அடிப்படை விஞ்ஞானம் கைகொடுக்கும்.

தேறிய பின் தற்காலிகப் பதிவும், சுகாதார அமைச்சு நியமிக்கும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் உண்டு. அது ஆறு ஆறு மாதங்களாக இரண்டு துறைகளில் நடக்கும். அதை முடித்தபின்னரே முழுப் பதிவு. இதற்கிடையில் தோட்டத்தில் உங்களை எல்லாரும் டொக்டர் என்றே அழைப்பார்கள். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கதவைத் தட்டுவார்கள். ஒரு துண்டில் மருந்து எழுதித் தரும்படி கேட்பார்கள். பதிவு பெறாதவர் மருத்துவத் தொழில் செய்வது மருத்துவக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அது பின்னர் உங்கள் பதிவையே பாதிக்கலாம். பிள்ளை மூச்சு வாங்குகிறதா, கை கால் குளிர்ந்திருக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று பார்த்து, தாமதிக்காமல் எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டுமென்று சொல்லி, வாகனம் பிடிக்க உதவுங்கள். மருந்துத் துண்டு மட்டும் எழுத வேண்டாம்.